ஒன்பதாம் எண்ணில் ஒரு பெயர்

போன மாதம் நண்பர் ஒருவரின் மகள் போன் செய்தாள். ஏதோ ஓர் ஆய்விதழில் உதவி ஆசிரியையாகச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கட்டுரை அனுப்புகிறவர்களுக்கெல்லாம் "எங்கள் இதழில் வந்த கட்டுரைகளையும் மேற்கோள் காட்டுங்கள்" என்று எழுதச் சொல்லி மேலிடத்து உத்தரவாம். "அங்கிள், உங்க காலத்துல இதெல்லாம் கிடையாதுல்ல?" என்றாள். இருந்தது என்றேன். அதற்கு மேல் போனில் சொல்ல வரவில்லை. எழுதுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

எண்பதுகளின் நடுவில் நான் செகந்திராபாத்தில் ஓர் ஆய்விதழின் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். உலோகங்களைப் பற்றிய காலாண்டிதழ். பெயர் வேண்டாம். இரண்டு அறை, ஒரு டைப்ரைட்டர், ஒரு டெலிபோன். ஆசிரியர் டாக்டர் நெல்லையப்பன், ஹைதராபாத் காஞ்சன்பாக்கில் ஓர் ஆய்வுக்கூடத்தில் விஞ்ஞானி. இதழுக்கு அவர் கௌரவ ஆசிரியர்தான், சம்பளம் கிடையாது. ஆய்வுக்கூடம் முடிந்து சாயங்காலம்தான் வருவார். பகல் முழுக்க அலுவலகம் என்றால் நான்தான்.

என் அப்பா செகந்திராபாத் ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கினவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் தாண்டிப் போன முதல் ஆள் நான். மாலைக் கல்லூரியில் பி.எஸ்ஸி. முடித்து, உப்பல் பகுதியில் ஒரு அச்சகத்தில் புரூஃப் பார்க்கப் பழகி, அங்கிருந்து இந்த வேலைக்கு வந்தேன். வந்த முதல் வாரம் அப்பா கேட்டார், "நீ எழுதுறியா?"

"இல்லப்பா. மத்தவங்க எழுதுனதைச் சரி பாக்குறேன்."

"அதுக்குச் சம்பளம் குடுக்குறானா?" என்றவர், "ஜாக்கிரதையா இரு. இது ரொம்ப நாள் நிக்காது" என்றார்.

அவர் சொன்னது எனக்குள் அப்படியே உட்கார்ந்துகொண்டது. வேலை தற்காலிகம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை நீட்டிப்பு உத்தரவு வரும். உத்தரவு வரும் வாரங்களில் எனக்குச் சோறு இறங்காது. படித்தவர்கள் நடுவில் நமக்குத் தெரியாத ஏதோ ஒரு விதி இருக்கும், அதை மீறிவிடுவோம், வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று எப்போதும் ஒரு பயம். அதனால் தெரிந்த விதிகளை எல்லாம் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

இந்த வேலையின் விதிகள் பிடித்துக்கொள்ளத் தகுந்தவை. கட்டுரை வந்ததும் எழுதியவர் பெயரை மறைத்து இரண்டு நிபுணர்களுக்கு அனுப்புவோம். அவர்கள் சொன்ன திருத்தங்களோடு திரும்பி வந்ததை டாக்டர் படிப்பார். அவர் படிக்கிற விதமே தனி. செருப்பை வாசலில் விட்டு, சட்டைக் கையை இரண்டு மடிப்பு மடித்து, பென்சிலைத் தானே சீவிக்கொண்டு, ஒவ்வொரு வாக்கியத்தையும் வாய்விட்டுப் படிப்பார். ஒரு கால்புள்ளிக்காக நிறுத்திவிடுவார். "மூச்சு வாங்குற இடம் இது இல்லையே வே" என்பார். திருநெல்வேலிக்காரர். ஹைதராபாத்துக்கு வந்து இருபது வருஷம் கழித்தும் பேச்சு தாமிரபரணியை விட்டு வரவில்லை. யாரையும் அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. ஒருவர் கட்டுரையை மறுப்பதென்றால்கூட அந்தக் கடிதத்தை மூன்று முறை திருத்துவார், படிக்கிறவருக்கு வலிக்கக் கூடாது என்று.

அதன்பின் கட்டுரை உப்பல் அச்சகத்துக்குப் போகும். வாக்கியங்களை இயந்திரம் ஈயத்தில் வார்க்கும். ஆனால் அட்டவணைகளை இயந்திரத்தால் செய்ய முடியாது. கட்டம் கட்டமாகக் கையால்தான் கோக்க வேண்டும். அது யாதகிரி என்ற ஃபோர்மேனின் வேலை. கோத்து முடித்த அட்டவணையைச் சணல் நூலால் சுற்றிக் கட்டி, வேறு ஒரு தட்டில், வேறு ஒரு மேஜையில் வைப்பார். கடைசியில் பக்கம் கட்டும்போதுதான் வாக்கியங்களும் அட்டவணையும் ஒன்று சேரும். இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், பிழை அங்கேதான் நடந்தது.

மேற்கோள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுகிறவர், தனக்கு முன்னால் அந்த விஷயத்தில் யார் என்ன செய்தார்கள் என்பதை அங்கங்கே எண் போட்டுக் காட்டி, கட்டுரையின் கடைசியில் அந்த எண்களின் வரிசைப்படி விவரம் தருவார். இதைச் சொன்னவர் இன்னார், இந்த இதழில், இந்த வருஷம். ஒரு மரியாதை, ஒரு சாட்சி. அவ்வளவுதான். இதை அமெரிக்காவில் ஒரு நிறுவனம் எண்ண ஆரம்பித்தது. எந்தக் கட்டுரையை எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள், எந்த இதழின் கடந்த இரண்டு வருஷக் கட்டுரைகள் எத்தனை முறை சொல்லப்பட்டிருக்கின்றன என்று எண்ணி, கனத்த தொகுதிகளாகப் போட்டது. கண்ணுக்குப் பிடிபடாத பொடி எழுத்து. எங்கள் இதழும் அதில் இருந்தது, கீழே எங்கேயோ.

தில்லியிலிருந்து எங்களுக்கு வந்த மானியம் அதுவரை யாரும் கேள்வி கேட்காமல் வந்துகொண்டிருந்தது. ஒரு வருஷம் கடிதம் வந்தது. சிறிய இதழ்களை எல்லாம் ஒரு கமிட்டி நேரில் வந்து பார்க்கும், மேற்கோள் எண்ணிக்கையையும் பார்க்கும், தேறாதவற்றை வேறு இதழோடு சேர்த்துவிடலாம்.

டாக்டர் அந்தக் கடிதத்தையும் வாய்விட்டுத்தான் படித்தார். ஒரு வாரம் கழித்து எனக்கு ஒரு புது வாக்கியத்தைச் சொல்லி டைப் அடிக்கச் சொன்னார். கட்டுரையை ஏற்றுக்கொள்கிறோம் என்று எழுதும் கடிதத்தின் அடியில் அது போக வேண்டும்: எங்கள் இதழில் சமீபத்தில் வந்த, தொடர்புள்ள இரண்டு மூன்று கட்டுரைகளைத் தாங்கள் பார்வையிட்டுச் சேர்த்துக்கொண்டால் வாசகர்களுக்குப் பயனாக இருக்கும்.

பார்வைக்கு அதில் ஒன்றும் தவறில்லை. ஆனால் எந்தக் கடிதத்தில் அந்த வாக்கியத்தைச் சேர்ப்பது, எதில் வேண்டாம் என்று அவர் பென்சிலால் ஒரு டிக் போட்டுத் தருவார். பெரிய நிறுவனங்களின் பேராசிரியர்களுக்கு டிக் இல்லை. சின்ன ஊர்க் கல்லூரிக்காரர்களுக்கு இருந்தது. இரண்டு இதழ் போன பின் நான் கேட்டேன்.

"பம்பாய் ப்ரொஃபஸருக்குப் போட வேண்டாமா சார்?"

"அவரு கோவிச்சுக்கிடுவாரு."

"வாரங்கல் பக்கத்துலேருந்து எழுதுறாரே, நரசிம்ம ராவ், அவர் கோவிச்சுக்க மாட்டாரா?"

டாக்டர் பென்சிலை வைத்தார். "ரத்னம், ஒண்ணு சொல்லுதேன் கேளும். வெளிநாட்டுக்காரன் நம்ம பேப்பரைத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்கான். அவன் அவன் ஆளைச் சொல்லுதான், இவன் இவன் ஆளைச் சொல்லுதான். நம்ம ஆளும் அவங்களையேதான் சொல்லுதான், பெருமைக்கு. நம்மள நாமளே சொல்லலைன்னா வேற யாரு சொல்லுவா? படிச்சுப் பாத்துட்டுச் சேருன்னுதானே சொல்லுதேன். கழுத்தையா நெரிக்கேன்?"

அவர் சொன்னதில் பாதி உண்மை என்றே இன்றைக்கும் நினைக்கிறேன். அதுதான் சங்கடம்.

நரசிம்ம ராவின் பதில் இன்லேண்ட் கடிதத்தில் வந்தது. எஃகுத் தகடுகளை வெல்டிங் செய்வதற்கு முன் எவ்வளவு சூடாக்க வேண்டும் என்று அவர் ஒரு பழைய கொட்டகையில் மாணவர்களை வைத்துக்கொண்டு சோதித்து எழுதியிருந்தார். நல்ல கட்டுரை. பதிலில் மிகப் பணிவாக எழுதியிருந்தார்: எங்கள் கல்லூரி நூலகத்துக்குத் தங்கள் இதழ் வருவதில்லை, ஆகவே தாங்களே தகுந்த மூன்றைத் தேர்ந்து சேர்த்துக்கொள்ளவும், எதுவானாலும் எனக்குச் சம்மதம்.

எதுவானாலும் சம்மதம். அந்த வரியைப் படித்தபோது எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. கூட்ஸ் ஷெட்டில் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் கட்டைவிரலை நீட்டுவார், அதே குரல்.

கடிதம் வந்தபோது கட்டுரை ஏற்கெனவே அச்சகத்தில் பக்கம் கட்டும் நிலையில் இருந்தது. கமிட்டி வருவதற்குள் இதழ் வெளியே வந்தாக வேண்டும். டாக்டர் காஞ்சன்பாக்கிலிருந்து நேராக உப்பலுக்குப் போய், வாக்கியங்களின் புரூஃபில் தன் கையாலேயே மூன்று மேற்கோள்களைச் சேர்த்தார். கட்டுரையின் முன்னுரையில், ஆறுக்குப் பின்னால், ஏழு, எட்டு, ஒன்பது. பழைய ஏழு பத்தாக வேண்டும், பழைய ஒன்பது பன்னிரண்டாக வேண்டும். வாக்கியங்களில் இருந்த எல்லா எண்களையும் அவர் ஒன்று விடாமல் மாற்றினார். அட்டவணை அந்தப் புரூஃபில் இல்லை. அது சணல் கட்டில், வேறு மேஜையில் இருந்தது.

இதழ் வந்தது. பார்க்க அழகாகவே இருந்தது. தபாலில் எல்லோருக்கும் போனது.

பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். மதியம் ஒரு பெண் உள்ளே வந்தார். முப்பது, முப்பத்திரண்டு வயது. கையில் எங்கள் இதழ். "எடிட்டர் இருக்காரா?"

"சாயங்காலம்தான் வருவாரு, மேடம். நான் முனிரத்னம், உதவி ஆசிரியர்."

"நான் எஸ்தர் ராஜமணி. உங்க பத்திரிகையில போன வருஷம் எழுதியிருக்கேன்." செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவர் என்று பேச்சிலேயே தெரிந்தது. அவரும் காஞ்சன்பாக்கில்தான் விஞ்ஞானி, ஆனால் வேறு ஆய்வுக்கூடம். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை. இதழைப் பிரித்து நரசிம்ம ராவின் அட்டவணையில் விரலை வைத்தார்.

அட்டவணையின் அடியில் ஒரு குறிப்பு: ஒன்பதாம் எண் கட்டுரையில் தரப்பட்ட வெப்பநிலைகள் எங்கள் சோதனையில் திரும்பக் கிடைக்கவில்லை, அவை நம்பத் தகுந்தவை அல்ல.

"ஒன்பது யாருன்னு பாருங்க."

கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். ஒன்பது: ராஜமணி, எஸ்தர்.

"ஹவ், ஆமா, என் பேர்தான்" என்றார். "இன்னைக்குக் காலையில என் டேபிள் மேல யாரோ இந்தப் பக்கத்தைத் திறந்து வச்சுட்டுப் போயிருக்காங்க. அடியில பென்சில்ல கோடு போட்டு."

ராவின் கையெழுத்துப் பிரதியை எடுத்துப் பார்த்தேன். அதில் ஒன்பது ஒரு பழைய போலந்துக் கட்டுரை. ராவ் குறை சொன்னது அதைத்தான். வாக்கியங்களில் அது பன்னிரண்டாகிவிட்டது. அட்டவணைக்குக் கீழே மட்டும் ஒன்பதாகவே நின்றுவிட்டது. என்ன நடந்தது என்பதை அவரிடம் சொன்னேன். எண் மாறிவிட்டது, உங்களைப் பற்றியது அல்ல, உடனே திருத்தம் போடுகிறோம் என்றேன்.

"எப்ப வரும் திருத்தம்?"

"அடுத்த இதழ்ல, மேடம். மூணு மாசம்."

"எனக்கு ரெண்டு வாரத்துல ப்ரமோஷன் இன்டர்வ்யூ. போன தடவை கிடைக்கலை. இந்தத் தடவை வெளியேருந்து வர்றவரு உங்க பத்திரிகையைப் படிக்கிறவரு. 'உங்க நம்பர் எல்லாம் நம்ப முடியாதாமே'ன்னு அவர் கேட்டா, மூணு மாசம் பொறுங்க, திருத்தம் வருதுன்னு சொல்லவா?"

தனியாக ஒரு சீட்டு அச்சடித்து இதழ் வாங்கிய எல்லோருக்கும் உடனே அனுப்பலாம் என்றேன். சில சமயம் செய்திருக்கிறோம். அவர் முகம் கொஞ்சம் இளகியது. இதழை மூடப் போனவர் நிறுத்தினார்.

"ஒண்ணு கேக்குறேன். ராவ் எழுதுனது ஸ்டீல். நான் எழுதுனது அலுமினியம். சன்னத் தகடு. சூடாக்குற பேச்சே அதுல கிடையாது. என்னை எதுக்கு அவர் அங்க கூப்பிட்டாரு?"

நான் ராவின் பிரதியை மறுபடி கட்டி வைக்கத் தொடங்கினேன்.

"அவருக்குக் கார்டு போட்டுக் கேட்கட்டுமா?"

"வேண்டாம், மேடம்" என்று வாயில் வந்துவிட்டது. அந்த அவசரமே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

"அவர் வைக்கலை, இல்ல?" என்றார். இதழை மூடினார். "எங்க லேப்ல ஏற்கெனவே ஒரு பேச்சு இருக்கு, நான் ஆளைப் புடிச்சுப் பேரைப் போட்டுக்குறேன்னு. பொம்பளை பேரு நாலு இடத்துல வந்தா அப்படித்தான் பேசுறாங்க. நம்பரைத் திருத்துங்க. அதோட என் பேரை அந்தக் கட்டுரையிலேருந்து எடுத்துடுங்க. எனக்கு அது வேண்டாம், நக்கோ."

சாயங்காலம் டாக்டர் வந்தார். சட்டைக் கையை மடிப்பதற்குள் சொல்லிவிட்டேன். மடித்த கை அப்படியே நின்றது.

"டேபிள்" என்றார். "சவம், டேபிளை மறந்துட்டேன்." நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். நடித்ததல்ல. ஒரு கால்புள்ளிக்குத் தூக்கம் கெடுகிற மனிதர். "பாவம்லா அந்தப் பொண்ணு. உடனே சீட்டு அடிச்சிருவோம். அச்சுப் பிழைன்னு போட்டு, ஒன்பதைப் பன்னிரண்டுன்னு திருத்திருவோம்."

"பேரையும் எடுக்கச் சொல்றாங்க, சார்."

"எந்தப் பேரை?"

"அவங்க பேரை. அந்த மேற்கோளே வேண்டாமாம்."

டாக்டர் என்னையே பார்த்தார். "மேற்கோள் வேண்டாம்ங்குற ஆளை இந்த உலகத்துல இன்னைக்குத்தான் பாக்கேன்" என்றார். சிரிக்க முயன்றார், வரவில்லை. "எடுக்க முடியாது வே. எடுத்தா ஏன் இருந்துதுன்னு கேப்பான். யாரு வச்சான்னு கேப்பான். அடுத்த வாரத்துக்கு அடுத்த வாரம் கமிட்டி வருது. நீரே சொல்லும்."

மறுநாள் அச்சகத்துக்குப் போனேன். அச்சுப் பிழை என்று போடுவதற்கு அச்சகத்தாரிடம் ஒரு வார்த்தை சொல்வது வழக்கம். யாதகிரி பான் மென்றுகொண்டே கேட்டார்.

"போடுங்க சாப். இதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க? டாக்டர் மறந்தா எங்க தப்பு, நீங்க மறந்தா எங்க தப்பு, எழுதுனவரு மறந்தாலும் எங்க தப்பு. மழை பெஞ்சு பேப்பர் நனைஞ்சாக்கூட அச்சுப் பிழைதான். எங்கப்பா காலத்துலேருந்து இதுதான் நடக்குது." பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன். ஆனால் திரும்பி வரும் பஸ்ஸில் அது உறுத்திக்கொண்டே இருந்தது. அச்சுப் பிழையால் எண் மாறும். அச்சுப் பிழையால் ஓர் அலுமினியக் கட்டுரை எஃகுக் கட்டுரைக்குள் நடந்து வராது. எண்ணைத் திருத்தினாலும் அந்தப் பெண் அங்கே நிற்பார், ஏன் நிற்கிறார் என்று அவராலேயே சொல்ல முடியாமல். இன்டர்வ்யூவில் அதைக் கேட்டால் அவர் என்ன சொல்வார்? தெரியாது என்றால் யாரும் நம்ப மாட்டார்கள்.

என்னைப் பற்றியும் நினைத்தேன். அதையும் சொல்லத்தான் வேண்டும். மானியம் நின்றால் முதலில் போவது நான். வீட்டில் என் சம்பளம்தான். நீட்டிப்பு உத்தரவு கமிட்டி வந்துபோன பிறகுதான் என்று வேறு சொல்லியிருந்தார்கள். இரண்டு நாள் எதையும் முடிவு செய்யாமல் சுற்றினேன். மூன்றாம் நாள் டைப்ரைட்டரில் காகிதத்தைச் செருகி நடந்ததை நடந்தபடி அடித்தேன். சின்னச் சீட்டுதான். எழுதியவர் புரூஃப் பார்த்துத் தந்த பின்பு மூன்று மேற்கோள்கள் ஆசிரியர் குழுவால் சேர்க்கப்பட்டன. அதனால் எண்கள் மாறின. அட்டவணையின் அடிக்குறிப்பு பன்னிரண்டாம் எண்ணைக் குறிக்கும். டாக்டர் எஸ்தர் ராஜமணியின் கட்டுரைக்கும் இதற்கும் தொடர்பில்லை. சேர்க்கப்பட்ட மூன்றும் நீக்கப்படுகின்றன.

ஞாயிற்றுக்கிழமை காஞ்சன்பாக் போனேன். டாக்டரின் குவார்ட்டர்ஸுக்கு அதற்கு முன் போனதில்லை. அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்து, "தம்பி ஏன் இப்பிடி வேர்த்திருக்கு, வெயில்கூட இல்லையே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். காகிதத்தை நீட்டினேன்.

அவர் அதை வாய்விட்டுப் படிக்கவில்லை. மௌனமாகப் படித்தார். அவர் மௌனமாகப் படித்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

"இதை யாரு எழுதச் சொன்னா?"

"யாரும் சொல்லலை, சார்."

"கமிட்டிக்காரன் கையில இந்தச் சீட்டு போகும். தெரியும்லா?"

"தெரியும் சார்."

"அவன் இதழை மூடிட்டுப் போனா எனக்கு ஒண்ணும் இல்ல. நான் எங்க லேபுக்குப் போயிருவேன். நீரு எங்க போவீரு?"

மிரட்டலாக அவர் கேட்கவில்லை. நிஜமாகவே கவலைப்பட்டுத்தான் கேட்டார். அதனால் பதில் சொல்வது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"தெரியலை, சார்."

"பொறவு எதுக்கு?"

"நீங்க சாயங்காலம் வருவீங்க, சார். பகல்ல நான்தான் இருக்கேன். அந்த மேடம் திரும்ப வந்து கேட்டா நான்தான் முகத்தைப் பாக்கணும். ராவ் சார் வந்து, என் கட்டுரையில இதை யார் வச்சாங்கன்னு கேட்டாலும் நான்தான் பாக்கணும்."

"ராவ் எதுவானாலும் சம்மதம்னு எழுதியிருக்காரே."

"அவரால வேற என்ன எழுத முடியும், சார்?"

சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டேன் என்று உறைத்தது. வெளியே குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் தெலுங்கில் சண்டை போட்டுக்கொண்டு கிரிக்கெட் ஆடினார்கள்.

டாக்டர் எழுந்து உள்ளே போனார். அவ்வளவுதான், கிளம்பிவிடலாமா என்று யோசித்தேன். பென்சிலோடு திரும்பி வந்தார். முனையைப் பார்த்துவிட்டு, பழைய பிளேடால் கொஞ்சம் சீவிக்கொண்டார். ஒரு கால்புள்ளியை எடுத்தார். பிறகு "ஆசிரியர் குழுவால்" என்ற இடத்தில் பென்சில் நின்றது. அந்த வார்த்தையை நான் யோசித்துத்தான் போட்டிருந்தேன். குழு என்றால் அதில் ஏழு பேர், யார் மேலும் தனியாக விழாது.

"குழுன்னு போட்டிருக்கீரே. குழுல யாரு உப்பலுக்குப் போனா?" என்றார். "குழு" என்பதை அடித்தார். ஆசிரியரால் என்று திருத்தினார். அடியில் கையெழுத்துப் போட்டுக் காகிதத்தை என் பக்கம் தள்ளினார். "காபி ஆறுது, குடியும்."

சீட்டு அச்சாகித் தபாலில் போனது. எஸ்தரின் ஆய்வுக்கூடத்துக்கு நானே நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் வாசலிலேயே நின்று படித்தார். "ஆசிரியரால்" என்ற இடத்தை இரண்டு முறை படித்தார் என்று நினைக்கிறேன். "அவர்கிட்ட சொல்லுங்க, தாங்க்ஸ்னு" என்றார். இன்டர்வ்யூவில் அந்த வெளியாள் இதழைத் திறந்தே வைத்திருந்தாராம், சீட்டு அதற்குள் இருந்ததாம். அலுமினியத்தைப் பற்றி மட்டும் கேட்டு அனுப்பிவிட்டார்கள். அந்த முறை அவருக்குப் பதவி உயர்வு கிடைத்தது.

கமிட்டியும் வந்தது. மூன்று பேர். அவர்களில் மூத்தவர் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டரிடம் இங்கிலீஷில் மெதுவாகக் கேட்டார். எல்லோரும் செய்வதுதானே, இதைப் போய் அச்சடித்து ஊருக்கெல்லாம் அனுப்ப வேண்டுமா, அந்த அம்மாளுக்குத் தனியாக ஒரு கடிதம் கொடுத்திருந்தால் போதாதா என்று. டாக்டர் "பிழை அச்சில் வந்தது, அதனால் திருத்தமும் அச்சில்" என்றார். அதற்கு மேல் அவர் விளக்கவில்லை. நான் சுவரோரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். செய்ததற்கு அல்ல, சொன்னதற்குத்தான் அவர்களுக்கு வருத்தம் என்பது எனக்குப் புரிய நேரமாயிற்று. மானியத்தை ஒரு வருஷத்துக்கு நீட்டித்தார்கள். அறிக்கையில் ஓர் ஆலோசனை இருந்தது: மேற்கோள் எண்ணிக்கையை உயர்த்த வழி காண வேண்டும்.

அந்த வாக்கியத்தைக் கடிதங்களில் சேர்ப்பதை டாக்டர் நிறுத்திவிட்டார். எண்ணிக்கை உயரவில்லை. சில வருஷங்களில் இதழை வேறோர் இதழோடு சேர்த்தார்கள். அதற்கு முன்பே நான் ஹைதராபாத்தை ஒட்டிய ராமச்சந்திராபுரத்தில் ஒரு தொழிற்சாலை நூலகத்தில் வேலைக்குப் போய்விட்டேன். கம்பெனி பஸ், நிரந்தர வேலை. அப்பா அப்போதும் நம்பவில்லை.

அந்த நூலகத்துக்கு அமெரிக்க மேற்கோள் தொகுதிகள் வந்தன. ஒரு நாள் சும்மா ராஜமணி என்று தேடினேன். பொடி எழுத்தில் அந்த அலுமினியக் கட்டுரை இருந்தது, அதன் கீழே அதைச் சொன்னவர்கள் வரிசையில் நரசிம்ம ராவ். நாங்கள் அனுப்பிய சீட்டு அவர்களுக்குப் போய்ச் சேரவில்லையா, சேர்ந்தும் எண்ணிய பிறகு கழிக்க அவர்களிடம் வழி இல்லையா, தெரியாது. அடுத்த வருஷத் தொகுதியில் இன்னும் இரண்டு பேர். அதற்கடுத்ததில் இன்னும் கூட. எல்லாம் எஃகு. எடுத்துப் பார்த்தபோது புரிந்தது. ராவின் கட்டுரையைப் பார்த்தவர்கள் அவருடைய மேற்கோள்களையும் சேர்த்து அப்படியே நகல் எடுத்திருக்கிறார்கள், ஏழு, எட்டு, ஒன்பது வரிசை மாறாமல். அவர்களைப் பார்த்து வேறு சிலர். எஸ்தரின் கட்டுரையை அவர்களில் ஒருவர்கூடத் திறந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் முதல் வரியிலேயே அலுமினியம் என்று இருக்கிறது.

எஸ்தருக்குப் போன் செய்து சொன்னேன். "தெரியும்" என்றார். "நாலு பேருக்கு எழுதிப் பாத்தேன். ஒருத்தர் பதில் போட்டாரு, சைட்டேஷன் கூடுதே, அதுக்குப் போய் கம்ப்ளெயின்ட்டான்னு."

பல வருஷம் கழித்து அவர் ஓய்வு பெற்றபோது பிரிவுபசார விழாவுக்கு என்னையும் அழைத்திருந்தார். அப்போது அவர் பெரிய பதவியில் இருந்தார். டாக்டர் நெல்லையப்பன் அதற்குள் காலமாகிவிட்டார். மேடையில் ஓர் இளம் விஞ்ஞானி எஸ்தரை அறிமுகப்படுத்தினார். கம்ப்யூட்டரில் பார்த்து எடுத்து வந்திருப்பார்போல. மேடத்தின் கட்டுரைகளில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்டது இது என்று அந்தக் கட்டுரையின் பெயரைச் சொல்லி, எஃகு வெல்டிங் துறைக்கு அவர் போட்ட அடித்தளம் என்றார்.

எஸ்தர் மைக்கை வாங்கினார். கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்து ஒரு முறை பார்த்தார்.

"நான் என் வாழ்க்கையில ஸ்டீலைத் தொட்டதே இல்ல" என்றார்.

என்ன அடக்கம் என்று சொல்லிக்கொண்டே பக்கத்திலிருந்தவர் கை தட்ட ஆரம்பித்தார். எல்லோரும் தட்டினார்கள்.